புழுதி நாட்டிலிருந்து பருத்திக் காட்டுக்கு: 1930-களின் அமெரிக்கச் சாலையில்

நாள் 1 – பாய்ஸ் சிட்டி, ஒக்லஹோமா

டெக்சஸின் அமரில்லோ விமான நிலையத்தில் கார் எடுத்து வடக்கே ஓட்டினால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். ஒக்லஹோமாவின் மேற்கு ஓரத்தில் ஒடுங்கி நீளும் நிலப்பட்டையின் கடைசி மாவட்டம் சிமரன். அதன் தலைமை ஊர் பாய்ஸ் சிட்டி. மரம் குறைவு, காற்று அதிகம். 1935 ஏப்ரல் 14, ஞாயிற்றுக்கிழமை மாலை இங்கே வந்து மோதிய மண்புயலைத்தான் ‘கறுப்பு ஞாயிறு’ என்கிறார்கள்.

அந்த மண் எப்படிக் கிளம்பியது? முதல் உலகப் போர் சமயத்தில் அரசு கோதுமைக்கு புஷலுக்கு ஏறக்குறைய 2 டாலர் உறுதி கொடுத்தது. ஒரு புஷல் என்பது 27 கிலோ. மாடு மேய வேண்டிய புல்வெளியை டிராக்டர் வைத்துக் கிழித்தார்கள். உலகப் பொருளாதாரப் பெருமந்தம் வந்ததும் விலை 40 சென்டுக்குக் கீழே விழுந்தது. கடனை அடைக்க வேண்டுமே, அதனால் இன்னும் அதிகமாக உழுதார்கள். வட்டத்தட்டுக் கலப்பை வேகமாக ஓடும், ஆனால் மண்ணைப் பொடியாக்கிவிடும். பிறகு ஆண்டுக்கணக்கில் மழை பொய்த்தது. பிடித்துவைக்கப் புல்வேர் இல்லாத பொடிமண்ணைக் காற்று அள்ளிக்கொண்டு போனது.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். கலிபோர்னியாவுக்கு மூட்டை கட்டிப் போன ஒக்லஹோமாக்காரர்கள் எல்லோரும் புழுதிக்குப் பயந்து ஓடியவர்கள் என்றே பலரும் நினைக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் இந்தப் பக்கத்து ஆட்களே அல்ல. மாநிலத்தின் கிழக்கே பருத்தி நிலத்தை வாரத்துக்கு உழுதவர்கள் அவர்களில் நிறையப் பேர். பருத்தி விலையை ஏற்ற 1933-இல் சாகுபடிப் பரப்பைக் குறைக்கச் சொல்லி அரசு பணம் கொடுத்தது. பணம் நிலச் சொந்தக்காரர் கைக்குப் போனது. அவர் அதில் டிராக்டர் வாங்கி வாரக்குடியை வெளியேற்றினார். புழுதி விழுந்த மாவட்டங்களிலோ நாலில் மூன்று பங்கு மக்கள் இடத்தைவிட்டு அசையவில்லை. ஆகவே இந்தப் பயணத்தின் முதல் இரண்டு ஊர்களும் தங்கியவர்களைப் பற்றியவை. கிளம்பியவர்கள் பிறகு வருவார்கள்.

தங்கியவர்களின் முதல் வேலை ஜன்னல் இடுக்கை அடைப்பது. பசைத்தாள் வாங்கக் காசில்லாத வீடுகளில் பழைய படுக்கை விரிப்பை நீளநீளமாகக் கிழித்து மாவுப் பசையில் தோய்த்து ஒட்டினார்கள். நம்மூரில் சுவரொட்டிக்குக் காய்ச்சுகிற அதே பசைதான். ஒரு பங்கு மாவுக்கு நாலைந்து பங்கு தண்ணீர் விட்டு, கட்டி தட்டாமல் கரைத்து, வெள்ளை நிறம் மாறிப் பளபளப்பு வரும்வரை கிளற வேண்டும். ஆனால் காற்றில் ஈரமே இல்லாத சீமை இது. காய்ந்த பசை மொறமொறத்து உரியும், மரச்சட்டம் சுருங்கிப் புது இடுக்கு விடும். மாவு வாசனைக்கு எலியும் வரும். ஒட்டுவது ஒருமுறையோடு முடிகிற வேலை இல்லை.

அடுத்தது ஈரத்துணி. விரிப்பை நனைத்து ஜன்னலுக்கும் கதவுக்கும் குறுக்கே தொங்கவிட்டார்கள். சொட்டச் சொட்டத் தொங்கவிட்டால் தரையெல்லாம் சேறு. ஒட்டப் பிழிந்துவிட்டால் சீக்கிரமே காய்ந்து, பிடித்த தூசியை அறைக்குள்ளேயே உதிர்க்கும். அளவாகப் பிழிந்து, புயல் நீடிக்கிறவரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் காற்றாலைக் கிணற்றிலிருந்து வந்தது என்பதால்தான் இதெல்லாம் முடிந்தது. ஆற்றையும் குட்டையையும் நம்பியிருந்தால் இந்த உபாயமே கிடையாது.

சாப்பாட்டு மேசையில் தட்டையும் கோப்பையையும் கவிழ்த்து வைத்து, உணவு அடுப்பிலிருந்து நேரே வரும்போதுதான் நிமிர்த்தினார்கள். ரொட்டி மாவை மேசைமேல் பிசைய முடியாது. அலமாரி இழுப்பறைக்குள் மாவை வைத்து, மேலே துணி மூடி, துணியில் இரண்டு ஓட்டை போட்டுக் கையை விட்டுப் பிசைந்தார்களாம்.

மூக்குத் துவாரத்தின் உட்புறம் வாசலின் தடவினார்கள். செஞ்சிலுவைச் சங்கம் முகமூடி கொடுத்தது. துணி சீக்கிரமே அடைத்துக்கொள்ளும், மூச்சு முட்டும், குழந்தை பிடுங்கி எறியும். ‘தூசி நிமோனியா’ பறித்த உயிர்களில் குழந்தைகளும் கிழவர்களும்தான் அதிகம். துணியும் பசையும் நுண்ணிய தூசியைத் தடுக்காது. பெரிய மண்ணைத்தான் தடுக்கும். தற்காலிக மருத்துவமனைகள் திறந்த பிறகே பலர் பிழைத்தார்கள்.

புயல் வரும்போது காற்றில் நிலைமின்சாரம் ஏறும். முள்கம்பி வேலியில் பொறி பறக்கும், காரின் எரியூட்டல் அணைந்து வண்டி நடுச்சாலையில் நின்றுவிடும். அதற்காகக் காருக்குப் பின்னால் ஒரு சங்கிலியைத் தரையில் உரசும்படி கட்டிவிட்டார்கள், மின்சாரம் பூமிக்கு இறங்கிவிடும் என்று.

மாட்டுக்குத் தீவனம் இல்லாதபோது ரஷ்ய முட்செடியை இளசாக இருக்கும்போதே அறுத்து அடுக்கினார்கள். காய்ந்து உருண்டோடுகிற அதே செடிதான். முற்றினால் முள் வாயைக் கிழிக்கும் என்பதால் அறுக்கிற பருவம் முக்கியம். யக்கா என்ற வறண்ட நிலச் செடியின் கிழங்கையும் அரைத்துக் கொடுத்தார்கள். 1934-இல் அரசே மாடுகளை விலைக்கு வாங்கியது. இரண்டு வயதுக்கு மேற்பட்டதற்கு 12 முதல் 20 டாலர். தேறாத மாடுகளை அங்கேயே சுட்டுப் புதைத்தார்கள். தேறியவை டின்னில் அடைபட்டு நிவாரண உணவாகின.

இங்கிருந்து கிழக்கே ஈவா என்ற ஊருக்கருகில் 1907-இல் தனியாளாக நிலம் பிடித்தவர் கேரொலைன் ஹெண்டர்சன். மணமான பின்பும் கணவரோடு அதே பண்ணையில் இருந்து புழுதிக் காலத்தைக் கடந்தார். நாள்தோறும் நடந்ததை எழுதி அனுப்பி, கிழக்குக் கடற்கரைப் பத்திரிகை வாசகர்களுக்கு இந்த மண்ணைக் காட்டியவர். ஊருக்குள் சிமரன் மரபு மையம் இருக்கிறது. அந்தக் காலப் பொருள்களை அங்கே பார்க்கலாம்.


நாள் 2 – டால்ஹார்ட், டெக்சஸ்

தெற்கே 77 கிலோமீட்டர். வழியில் ரீட்டா பிளாங்கா தேசியப் புல்வெளி வருகிறது. 1930-களில் பாழாய்ப்போன பண்ணைகளை அரசு விலைக்கு வாங்கி மறுபடி புல் விதைத்த நிலம். வேலிக்கு அந்தப் பக்கம் உழுத நிலம், இந்தப் பக்கம் புல். காரை நிறுத்தி இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பறக்கிற மண்ணை நிறுத்த அவசரத்துக்குச் செய்தது சால் உழவு. இருபுறமும் மண் தள்ளும் கலப்பையால், காற்று வீசும் திசைக்குக் குறுக்கே ஆழமாகச் சால் பிடிப்பார்கள். மேட்டில் கட்டி நிற்கும், பறந்து வரும் மண் பள்ளத்தில் விழும். சால் நிரம்பினால் மறுபடி உழ வேண்டும். மணல்சாரி நிலத்தில் கட்டியே விழாது. அங்கே உழுவது இன்னும் பொடியாக்கிவிடும், உழாமல் விடுவதே மேல். நிலத்துக்கு நிலம் இது மாறுவதால், பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்து அப்படியே செய்தவர்கள் சிலர் இருந்ததையும் கெடுத்துக்கொண்டார்கள்.

டால்ஹார்ட்டுக்கு ஒரு வேடிக்கை வரலாறும் உண்டு. உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியர் ஜான் மெக்கார்ட்டி, ‘ஊரைவிட்டுப் போகும் கடைசி மனிதன் நானாகவே இருப்பேன்’ என்று சபதம் எடுக்கும் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். மறு வருடமே அமரில்லோவில் வேறு பத்திரிகை வேலை கிடைக்க, கிளம்பிப் போய்விட்டார்.

இனி அடுக்களை. கோதுமை விற்றுக் காசு பார்க்க முடியாத வருடங்களில் வீட்டை ஓட்டியது வெண்ணெய்ப் பாலாடையும் முட்டையும். சனிக்கிழமை இரண்டையும் ஊருக்குக் கொண்டுபோய், அந்தக் காசில் மாவு, சர்க்கரை, காப்பி வாங்கித் திரும்புவார்கள். பெண்கள் கையில் புரண்ட பணம் இது. ஆண்களின் கணக்குப் புத்தகத்தில் பெரும்பாலும் இருக்காது.

மாவும் கோழித்தீவனமும் பருத்தித் துணிப் பையில் வந்தன. காலிப் பையை உடையாக்குவதற்கு ஒரு முறை இருந்தது. பையின் ஓரம் சங்கிலித் தையல். ஒரு பக்கம் ஒற்றை இழையாகத் தெரியும், மறு பக்கம் கண்ணியாகத் தெரியும். சரியான முனையில் ஒரு வெட்டு வெட்டி இழுத்தால் மொத்தத் தையலும் ஒரே நூலாகக் கழன்று வரும். தப்பான முனையில் இழுத்தால் முடிச்சு இறுகும். நூலை எறியாமல் உருண்டையாகச் சுற்றி வைத்தார்கள். போர்வை தைக்க அது உதவும். பைமேல் அச்சிட்ட ஆலைப் பெயரைப் போக்க, மைமேல் பன்றிக் கொழுப்பு தடவியோ மண்ணெண்ணெயில் ஊறவைத்தோ இரவு முழுக்க விட்டு, காலையில் காரச் சோப்புப் போட்டு வேகவைத்துத் துவைத்து வெயிலில் போட்டார்கள். நூறு பவுண்டு பையைப் பிரித்தால் ஏறத்தாழ 36-க்கு 42 அங்குலத் துணி. பெரியவருக்கு ஒரு கவுனுக்கு மூன்று பை. 1930-களின் பிற்பாதியில் ஆலைகளே பூப்போட்ட துணியில் பை தைத்து, பெயரைத் தண்ணீரில் கழன்றுபோகும் தாளில் ஒட்டத் தொடங்கின. தீவனம் வாங்கப் போகிறவரிடம் ஒரே டிசைனில் மூன்று பார்த்து எடுக்கச் சொல்லி அனுப்ப வேண்டியதாயிற்று.

நடுவில் நைந்த படுக்கை விரிப்பை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து, ஓரங்கள் நடுவில் வரும்படி சேர்த்துத் தைத்தார்கள். இன்னும் சில வருடம் ஓடும். சட்டைக் காலரைப் பிரித்துத் திருப்பி வைத்ததும் இதே கணக்கு.

சோப்பு வீட்டிலேயே காய்ச்சியது. அந்தக் காலத்தில் எல்லோருக்கும் தெரிந்த அளவு இது: கொழுப்பு 6 பவுண்டு (2.7 கிலோ), காஸ்டிக் சோடா ஒரு டின், அதாவது 13 அவுன்ஸ் (370 கிராம்), தண்ணீர் இரண்டரை பைண்ட் (1.2 லிட்டர்). வறுத்த எண்ணெயும் பன்றிக் கொழுப்பும் உப்பும் கருகலுமாக இருக்கும். முதலில் சம அளவு தண்ணீரில் கொதிக்கவிட்டு ஆறவைத்தால் அழுக்கு அடியில் தங்கும், மேலே படிந்த சுத்தக் கொழுப்பை எடுத்துக்கொள்ளலாம். உப்புப் போகாவிட்டால் சோப்பு திரியும். சோடாவைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும், தண்ணீரைச் சோடாமேல் ஊற்றவே கூடாது. குபீரென்று கொதித்து முகத்தில் தெறிக்கும். இரும்பு, எனாமல், மண் பாத்திரம் சரி. அலுமினியத்தை அரித்துவிடும். இரண்டும் கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு, சோடா நீரை நூலாகக் கொழுப்பில் ஊற்றி ஒரே சீராகக் கிளற வேண்டும். தேன் பதம் வந்ததும் துணி விரித்த மரப்பெட்டியில் ஊற்றிப் போர்த்திவைத்து, மறுநாள் துண்டு போட்டு, சில வாரம் காயவிட வேண்டும். சூடு அதிகமானால் கொழுப்பு மேலே பிரிந்து நிற்கும். அதைக் கொஞ்சம் தண்ணீர் சேர்த்து மறுபடி காய்ச்சிச் சரிசெய்யலாம். காயாத சோப்பு கையைப் பொத்துவிடும்.

காய்கறியைக் கண்ணாடி ஜாடியில் அடைப்பதில்தான் உயிராபத்து இருந்தது. தக்காளியும் பழமும் புளிப்பானவை, கொதிநீரில் வைத்தாலே போதும். பீன்ஸ், சோளம், இறைச்சிக்கு அது போதாது. பொட்டுலிசம் நஞ்சைத் தரும் கிருமியின் வித்து கொதிநிலையில் சாகாது. இந்தப் பீடபூமி 1,200 மீட்டர் உயரம், தண்ணீர் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆகவே அழுத்தக் கலன் வேண்டும். கடல்மட்ட ஊரில் 10 பவுண்டு அழுத்தம் என்றால் இங்கே 15. தனி வீடு வாங்க முடியாத கலனை ஊர்ப் பொதுவில் வைத்து, வேளாண் விரிவாக்கத் துறைப் பெண் அலுவலர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். ரப்பர் வளையத்தை மட்டும் இரண்டாம் முறை போடக் கூடாது. காற்று புகும்.

ஒன்றுமே இல்லாத நாளில் தண்ணீர்க் குழம்பு. இரண்டு கரண்டி கொழுப்பில் இரண்டு மூன்று கரண்டி மாவைப் பழுப்பாக வறுத்து, இரண்டு கோப்பைத் தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றி, உப்புப் போட்டு, ரொட்டிமேல் ஊற்றிக்கொள்வது. வயிறு நிறையும், ஆனால் உடம்பில் ஒட்டாது. தென்மாநிலப் பருத்திக் காட்டில் சோளமாவு, உப்புக் கொழுப்பு, கரும்புப் பாகு மூன்றை மட்டுமே தின்று வாழ்ந்தவர்களுக்குப் பெலாக்ரா வந்தது. தோல் வெடிக்கும், வயிற்றுப்போக்கு, புத்தி மாறாட்டம். நியாசின் என்ற வைட்டமின் இல்லாததே காரணம். செஞ்சிலுவைச் சங்கம் ஈஸ்ட் கொடுத்துத்தான் அதைக் குறைத்தது. சிக்கனத்தைப் புகழ்கிறவர்கள் இந்த நோயைப் பற்றி வாயே திறப்பதில்லை.


நாள் 3 – டுகும்காரி, நியூ மெக்சிகோ

தென்மேற்கே 150 கிலோமீட்டர். ராக் ஐலண்டு, சதர்ன் பசிபிக் ரயில் பாதைகள் சந்தித்த ஊர். 1926-இல் கட்டிய நிலையக் கட்டடம் இன்று அருங்காட்சியகம். கார் இல்லாதவர்கள் சரக்கு ரயிலில் திருட்டுப் பயணம் செய்த காலத்தில் இப்படிப்பட்ட சந்திப்பு ஊர்கள்தான் அவர்களின் தங்குமிடம். அப்படி அலைந்தவர்களில் பதின்வயதினர் மட்டுமே இரண்டரை லட்சம் பேர் என்பது அக்கால மதிப்பீடு.

ஓடும் ரயிலில் ஏறுவதற்கு அவர்களுக்குள் எழுதாத பாடம் இருந்தது. சக்கரத்தின் போல்ட்டுகளைத் தனித்தனியாக எண்ண முடிந்தால் ஏறலாம், முடியாவிட்டால் விட்டுவிட வேண்டும். பெட்டியின் முன்பக்க ஏணியைத்தான் பிடிக்க வேண்டும். கை நழுவினால் பெட்டியின் பக்கச்சுவரில் மோதி வெளியே விழுவோம். பின்பக்க ஏணியில் நழுவினால் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே சக்கரத்தில் போய் விழ நேரிடும். மூடுபெட்டிக்குள் உட்கார்ந்தால் கதவுத் தடத்தில் ஒரு மரக்கட்டையைச் செருகிவைக்க வேண்டும். குலுங்கலில் கதவு சாத்திக்கொண்டால் உள்ளிருந்து திறக்க வழி கிடையாது. பலகை ஏற்றிய வண்டியில் சரக்குக்கு நடுவே படுக்கக் கூடாது, சரிந்து நசுக்கும். இவ்வளவு தெரிந்தும் கால் போனவர்கள், உயிர் போனவர்கள் ஏராளம்.

தண்டவாளத்துக்கு அருகே தண்ணீர் கிடைக்கும் இடத்தில் முகாம். பாத்திரம் என்பது பெரிய தகர டின். ஒருவர் கிழங்கு, ஒருவர் வெங்காயம், ஒருவர் கசாப்புக் கடையில் கேட்டு வாங்கிய எலும்பு என்று எல்லாம் ஒரே டின்னில் வேகும். எதுவும் கொண்டுவராதவர் விறகு பொறுக்கியாக வேண்டும். கிளம்பும்போது டின்னைக் கழுவிக் கவிழ்த்து வைப்பது கட்டாயம், அடுத்து வருபவருக்கு அதுதான் அடுக்களை. இன்னொரு டின் துணி வேகவைக்க மட்டும். சும்மா துவைத்தால் பேனும் ஈரும் போகாது.

1933-இல் மத்திய அரசு இவர்களுக்கென்றே தங்குமிடங்கள் தொடங்கியது. படுக்கை, சாப்பாடு, மருத்துவம் எல்லாம் உண்டு. 1935-இல் அதை இழுத்து மூடினார்கள். வேலையளிக்கும் புதிய திட்டங்களைக் காரணம் காட்டினார்கள், ஆனால் ஊரற்றவர்களுக்கு அந்தத் திட்டங்களில் சேருவதே கஷ்டம்.

ஒரு நடைமுறைக் குறிப்பு: ஊருக்குள், கலிபோர்னியாவுக்குப் போகும் பழைய 66-ஆம் எண் நெடுஞ்சாலையில் 1939-இல் கட்டிய புளூ ஸ்வாலோ மோட்டல் இருக்கிறது. அறைகள் குறைவு, முன்பதிவு அவசியம்.


நாள் 4 – பெயின்ட்டட் டெசர்ட், அரிசோனா

நாள் முழுக்க ஓட்டம். பெட்ரிஃபைடு ஃபாரஸ்ட் தேசியப் பூங்காவுக்குள் பழைய 66-ஆம் சாலை கடந்த இடத்தில் 1932 மாடல் ஸ்டுடிபேக்கர் காரின் துருப்பிடித்த கூடு நிற்கிறது. எல்லோரும் அங்கே படம் எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அதைவிட முக்கியமானது சற்றுத் தள்ளியுள்ள பெயின்ட்டட் டெசர்ட் இன் என்ற மண்நிறக் கட்டடம். பழைய விடுதியை 1937-க்கும் 1940-க்கும் நடுவே திரும்பக் கட்டியவர்கள் குடிமக்கள் இயற்கைவளப் பாதுகாப்புப் படை (CCC) என்ற அரசு வேலைத் திட்டத்துப் பையன்கள். உள்ளே மேற்கூரையில் ஒளி விழும் கண்ணாடிப் பலகைகளை நிமிர்ந்து பாருங்கள். கையால் தீட்டியவை.

1933-இல் தொடங்கிய படை. முதலில் 18 முதல் 25 வயது வரை, மணமாகாதவர்கள், குடும்பம் நிவாரணப் பட்டியலில் இருக்க வேண்டும். மாதச் சம்பளம் 30 டாலர். அதில் 25 நேராக வீட்டுக்குப் போகும், பையன் கையில் 5. ஒரு பவுண்டு ரொட்டி ஏறத்தாழ 7 சென்டுக்கு விற்ற காலத்தில் அந்த 25 டாலர் ஒரு குடும்பத்தின் மாதச் சோறு. முகாமுக்கு 200 பேர், நிர்வாகம் இராணுவம், வாரம் 40 மணி நேர வேலை, இரவில் விருப்பமிருந்தால் வகுப்பு. எழுதப் படிக்கத் தெரியாமல் வந்து கையெழுத்துப் போடக் கற்றுப் போனவர்கள் ஆயிரக்கணக்கில். 1942 வரை ஏறக்குறைய 30 லட்சம் பேர் இதில் இருந்தார்கள்.

பெண்களுக்கு இடமில்லை. கறுப்பர்களுக்குப் பெரும்பாலும் தனி முகாம். ஆனாலும் அந்தக் காலத் திட்டங்களில் பணம் நேரே அடுப்பங்கரைக்குப் போய்ச் சேர்ந்தது இதில்தான்.


நாள் 5 – ஓட்மன், நீடில்ஸ், எஸ்ஸெக்ஸ்

கிங்மனிலிருந்து ஓட்மனுக்குப் பழைய சாலையில் ஏறினால் சிட்கிரீவ்ஸ் கணவாய். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், தடுப்புச்சுவர் பல இடங்களில் கிடையாது. நீள வண்டிகளுக்கு அனுமதி இல்லை. கலிபோர்னியா போன குடும்பங்கள் மெத்தையும் அடுப்பும் கட்டி இந்த வளைவுகளில்தான் ஏறின.

ஓட்டைக் கார்களில் போர்டு மாடல் டி-யும் இருந்தது. 1927-லேயே உற்பத்தி நின்றுபோன வண்டி. அதில் பெட்ரோல் பம்ப்பு கிடையாது. இருக்கைக்கு அடியில் உள்ள தொட்டியிலிருந்து பெட்ரோல் தானாகவே கீழிறங்கிக் கார்புரேட்டருக்கு வரும். செங்குத்தான ஏற்றத்தில் மூக்கு மேலே தூக்கினால் கார்புரேட்டர் தொட்டியைவிட உயரத்துக்குப் போய்விடும், தொட்டியில் குறைவாக இருந்தால் வண்டி நின்றுவிடும். எஞ்சின் எண்ணெயும் பின்பக்கம் ஓடி முன் பேரிங் வறண்டுபோகும். அதனால் வண்டியைத் திருப்பி ரிவர்ஸிலேயே மலை ஏறினார்கள். ரிவர்ஸ் விகிதம் 4-க்கு 1, முதல் கியர் 2.75-க்கு 1. அதாவது ரிவர்ஸுக்கே இழுவை அதிகம்.

தண்ணீர் பம்ப்பும் கிடையாது. வெந்நீர் தானாக மேலே ஏறி ரேடியேட்டருக்குப் போக வேண்டும். மேல்குழாய் வாய்க்குக் கீழே தண்ணீர் மட்டம் இறங்கினால் சுழற்சி அறுந்து சட்டென்று கொதிக்கும். நிறுத்தி நிறுத்தி ஊற்ற வேண்டும். கொதிக்கிற எஞ்சினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் வார்ப்பு வெடிக்கும். ஆறவிட்டுத்தான் ஊற்ற வேண்டும்.

முன்னால் தொங்கிய கித்தான் தண்ணீர்ப் பைகளைப் பழைய படங்களில் பார்க்கலாம். நெசவு வழியாகக் கசியும் ஈரம் காற்றில் ஆவியாகி உள்ளே இருப்பதைக் குளிர்விக்கும். புதுப் பையை முதலில் நன்றாக ஊறவைக்க வேண்டும். நூல் பருத்தால்தான் ஒழுகாது. வண்டி ஓடும்போது காற்றுப் படுகிற இடத்தில் கட்ட வேண்டும், புகைக்குழாய்ப் பக்கம் கூடாது.

டயர்தான் காசைத் தின்றது. டியூபைச் சுரண்டி, கரைசல் தடவி, ஒட்டும் பதம் வரும்வரை பொறுத்து ஒட்டுப் போட வேண்டும். அவசரப்பட்டு ஈரத்தோடு ஒட்டினால் பத்து மைல் தாங்காது. டயரே கிழிந்திருந்தால் பழைய டயர்த் துண்டை உள்பக்கம் வைத்து ஓட்டினார்கள். டியூப் அறவே போனால் கந்தலும் வைக்கோலும் திணித்து ஊர்ந்தார்கள். பேரிங் போன எஞ்சினில் தோல் பெல்ட் துண்டையோ பன்றித் தோலையோ வைத்து அடுத்த ஊர் வரை ஓட்டியவர்களும் உண்டு.

கொலராடோ ஆற்றைத் தாண்டினால் கலிபோர்னியாவின் நீடில்ஸ். 1916-இல் கட்டிய வளைவுப் பாலம் இன்று எரிவாயுக் குழாயைச் சுமக்கிறது, தூரத்திலிருந்து பார்க்கலாம். 1936 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலீஸ் காவல்துறைத் தலைவர் ஜேம்ஸ் டேவிஸ், தன் நகர எல்லையைத் தாண்டி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில், மாநில எல்லைகளுக்கு 136 போலீஸ்காரர்களை அனுப்பினார். கையில் பணமில்லாதவர்களைத் திருப்பி அனுப்புவது வேலை. இரண்டு மாதத்தில் அது ஓய்ந்தது. ஏழையை மாநிலத்துக்குள் அழைத்துவருவதைக் குற்றமாக்கிய சட்டமோ 1941 வரை இருந்தது. வேலையில்லாத மைத்துனரை டெக்சஸிலிருந்து காரில் கூட்டிவந்த எட்வர்ட்ஸ் என்பவர் மேல் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

பிறகு மொஹாவி பாலைவனம். வெயில் தாழ்ந்ததும் கிளம்பி இரவோடு இரவாகக் கடந்தார்கள். தண்ணீருக்கும் காசு கேட்ட கடைகள் வழியெல்லாம் இருந்தன. எஸ்ஸெக்ஸில் மட்டும் வாகனச் சங்கம் தோண்டிய கிணற்றில் இலவசம். அந்தக் கிணற்று மேடை இன்னும் இருக்கிறது. பழைய சாலையில் மழை வந்தால் மரப்பாலங்கள் சிதைந்துபோகும், எந்தப் பகுதி அடைத்திருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.


நாள் 6 – ஆர்வின், கலிபோர்னியா

பார்ஸ்டோவில் 66-ஐ விட்டு மேற்கே திரும்பி, டெஹாச்சபி மலை இறங்கினால் பச்சைப் பள்ளத்தாக்கு. வந்தவர்கள் முதலில் கண்டதும் இதைத்தான். நிலம் தங்களுக்குக் கிடைக்காது என்பது கீழே இறங்கிய பிறகு தெரிந்தது.

இங்கே பருத்தி எடுப்பு எடைக்கணக்கு. 1933 அக்டோபரில் சான் வாக்கீன் பள்ளத்தாக்கில் பண்ணை முதலாளிகள் 100 பவுண்டுக்கு 60 சென்ட் என்றார்கள், தொழிலாளர் 1 டாலர் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களில் பெரும்பான்மை மெக்சிகர்கள். பிக்ஸ்லியிலும் ஆர்வினிலும் துப்பாக்கிச் சூட்டில் மூவர் இறந்தார்கள். கடைசியில் 75 சென்ட். பழகிய கை ஒரு நாளில் 200 பவுண்டு எடுக்கும், ஆக 1.50 டாலர். புதிதாக வந்தவருக்கு அதில் பாதி வந்தாலே அதிகம். பையைத் தோளில் மாட்டிக் கால்களுக்கிடையே இழுத்தபடி குனிந்தே நடக்க வேண்டும். காயின் காய்ந்த ஓடு நகக்கண்ணைக் கிழிக்கும். காலைப் பனியில் எடுத்தால் எடை கூடும், அதனால் தராசுக்காரர் ஈரத்துக்குக் கழிப்பார். எவ்வளவு கழிப்பது என்பதில்தான் தினமும் சண்டை.

மெக்சிகர்கள் ஏன் குறைந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதே ஆண்டுகளில் பல லட்சம் மெக்சிகர்களை, அமெரிக்காவிலேயே பிறந்த பிள்ளைகள் உட்பட, எல்லைக்கு அப்பால் அனுப்பினார்கள். ஒக்லஹோமாக்காரர்கள் குனிந்த பருத்திச் சாலில் பலவும் அவர்கள் விட்டுப்போனவை.

வாய்க்கால் கரையில் கூடாரம் போட்டவர்கள் குடித்ததும் குளித்ததும் அதே வாய்க்காலில். டைபாய்டு வந்தது. 1936-இல் மத்திய அரசு ஆர்வினில் திறந்த முகாமில் மரத்தளக் கூடாரம், கழிப்பறை, வெந்நீர்க் குளியல், துணி துவைக்கும் தொட்டி இருந்தன. மேலாளர் டாம் காலின்ஸ் விதியெல்லாம் தானே போடாமல், குடியிருப்பவர்கள் தேர்ந்தெடுத்த குழுவிடம் விட்டார். குப்பை, சண்டை, சிறுவர் பராமரிப்பு எல்லாம் குழுவின் பொறுப்பு. வாடகை சொற்பம், இல்லாதவர் முகாம் வேலையில் கழிக்கலாம். முகாமால் கூலி உயரவில்லை. பிள்ளைகள் சாவது குறைந்தது.

உள்ளூர்ப் பள்ளிகள் அந்தப் பிள்ளைகளைச் சேர்க்கத் தயங்கின. கெர்ன் மாவட்டக் கல்வி அதிகாரி லியோ ஹார்ட் முகாமுக்குப் பக்கத்திலேயே 10 ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்து, 1940-இல் தனிப் பள்ளி தொடங்கினார். கட்டியது ஆசிரியர்களும் மாணவர்களும். அடித்தளம் தோண்டுவது, குழாய் போடுவது, மின்கம்பி இழுப்பது எல்லாமே பாடம். காய்கறியும் கால்நடையும் வளர்த்து மதிய உணவுக்கு எடுத்துக்கொண்டார்கள். நீச்சல் குளமும் வெட்டினார்கள். அது வந்ததும், முன்பு இந்தப் பிள்ளைகளைத் துரத்திய ஊர்க்காரர்களின் பிள்ளைகளும் அந்தப் பள்ளிக்கு வர ஆசைப்பட்டார்கள்.

முகாமின் சமூகக் கூடம், நூலகம், அஞ்சலகம் ஆகிய மூன்று பழைய கட்டடங்கள் தேசிய வரலாற்றுச் சின்னப் பட்டியலில் உள்ளன. பேக்கர்ஸ்ஃபீல்டிலிருந்து அரை மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். வளாகம் இன்றும் வயல் தொழிலாளர்களின் குடியிருப்புதான், அறுவடைக் காலத்தில் குடும்பங்கள் வந்து தங்கும். முன்கூட்டி அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள், வீட்டு வாசல்களை நோக்கிக் கேமராவை நீட்ட வேண்டாம்.